செருப்பு செய்யாத அற்புதம்

பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆள் திடீரென்று விறைத்துக் கீழே விழுந்தால் அடுத்த பத்து வினாடியில் என்ன நடக்கும் என்று வேலூர்ப் பக்கத்துக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார். "காக்கா வலிப்பு வந்துகீது, இரும்பு எதனா குடுங்கபா!" என்று ஒரு குரல் எழும். டூவீலர் சாவிக்கொத்து ஒன்று பறந்து வரும். இறுகிய விரல்களைப் பிரித்து அதைத் திணிக்க நாலு பேர் மல்லுக்கட்டுவார்கள். ஐந்தாவது ஆள் தன் தோல் செருப்பைக் கழற்றி, விழுந்தவரின் மூக்கில் வைத்து அழுத்துவார். ஆறாவது ஆள் சோடா வாங்க ஓடுவார். மற்றவர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் உடம்பு தளரும். மூச்சு பெரிதாக இழுக்கும். கொஞ்ச நேரத்தில் கண் திறக்கும். "பாத்தியா, செருப்பு வெச்சதும் தெளிஞ்சிடுச்சு!" என்று சொல்லிக்கொண்டே கூட்டம் கலையும். செருப்பு, அற்புதம் நிகழ்த்திய பெருமையோடு மறுபடி காலுக்குப் போகும்.

அந்தக் கூட்டத்திடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. தோல் வாடைக்கு வலிப்பை விரட்டும் சக்தி உண்டென்றால், இந்த ஊரில் ஒருவருக்கும் வலிப்பே வரக்கூடாதே? பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பக்கத்து ஊர்களெல்லாம் தோலால் பிழைக்கும் ஊர்கள். உப்பு போட்ட பச்சைத் தோல் வந்து இறங்குவது முதல், சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி, மயிர் நீங்கி, சதை சீவி, ட்ரம்மில் குரோம் ஏறி வெளியே வருவது வரை அந்த வாடை தெருவிலேயே குடியிருக்கிறது. ஆவாரம்பட்டையில் தோல் பதப்படுத்திய காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக அதை முகர்ந்துகொண்டே பிள்ளை பெற்று வளர்த்தவர்கள் இந்த ஊர் ஜனங்கள். தேய்ந்துபோன ஒற்றைச் செருப்புக்கு இருக்கும் வீரியம், நூற்றுக்கணக்கில் தோல் ஊறும் ஒரு தொட்டிக்கு இல்லாமல் போனது எப்படி?

இரும்புக்கும் இதே கேள்விதான். இரும்பு வலிப்பை இழுத்துக்கொள்ளும் என்றால் லாரிப் பட்டறையில் ஸ்பேனர் பிடிப்பவருக்கும், ராணிப்பேட்டை பெல் தொழிற்சாலையில் இரும்புத் தகட்டோடு பிழைப்பவருக்கும் அது வரவே கூடாது. வருகிறது. வேலூர் சிஎம்சி மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் அன்றைய வேலூர் மாவட்டத்தில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் கணக்கெடுத்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய நான்கு பேர் வலிப்பு நோயோடு வாழ்வது தெரியவந்தது. தோலும் இரும்பும் புழங்கும் மாவட்டத்தின் கணக்கு இது.

தானே நிற்பதை நிறுத்தியவர் யார்?

பேயும் சாமியும் எங்கே நுழைகின்றன என்று பார்க்க, வலிப்பை வினாடி வினாடியாகப் பார்க்க வேண்டும். மூளையின் நரம்பணுக்கள் ஒழுங்கு தப்பி, ஒரே சமயத்தில் மொத்தமாக மின் துடிப்பை வெளியிடுகின்றன. உடம்பிலுள்ள தசைகள் எல்லாம் ஒரேயடியாக இறுகுகின்றன. நெஞ்சுத் தசையும் சேர்ந்து இறுகுவதால் நுரையீரலில் இருக்கும் காற்று குரல்வளை வழியே பீறிட்டு வெளியேறுகிறது. கேட்பவர் குலை நடுங்கும் அந்த அலறல் இதுதான். கத்தியவருக்கு அப்போது நினைவே கிடையாது. மூச்சு சற்று நின்றுபோவதால் உதடு நீலம் பாரிக்கும். பத்து இருபது வினாடியில் இறுக்கம் விட்டு விட்டு உதறலாக மாறும். வாயில் ஊறும் எச்சிலை விழுங்க முடியாமல் அது மூச்சோடு கலந்து நுரையாக வரும். நாக்கைக் கடித்திருந்தால் நுரையில் ரத்தம் தெரியும். சிறுநீர் பிரியலாம். பிறகு உடம்பு துவண்டு, குறட்டை போலப் பெருமூச்சு வந்து, எழுந்ததும் கொஞ்ச நேரம் இடம் தெரியாத குழப்பம்.

அலறலில் பேயின் குரலைக் கேட்டவர்களும், நுரையில் விஷத்தைக் கண்டவர்களும், உதறலில் குலதெய்வத்தின் கோபத்தைப் படித்தவர்களும் பார்த்தது காற்றையும் எச்சிலையும் தசையையும்தான்.

இந்த வகை வலிப்பில் பெரும்பாலானவை ஒன்று முதல் மூன்று நிமிடத்தில் தாமாகவே அடங்கிவிடும். மூடநம்பிக்கைக்கு இதைவிட வசதியான நோய் வேறு கிடையாது. தானாக நிற்கப்போகும் ஒன்றுக்கு எதைக் காட்டினாலும் அது பலித்த மருந்தாகிவிடும். சாவி காட்டினாலும் நிற்கும், வெங்காயம் காட்டினாலும் நிற்கும், விபூதி பூசினாலும், ஓதி ஊதினாலும், ஜெபக் கூட்டத்தில் கத்தினாலும் நிற்கும். ரேஷன் கார்டைக் காட்டினாலும் நிற்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. நாம் காக்கைக்குக் கோயில் கட்டிவிட்டோம்.

நம்பிக்கைதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. இறுகிய விரலைப் பிரிக்கப்போய் விரல் முறியும். உள்ளங்கையில் சாவி குத்திக் கிழிக்கும். பல்லுக்கு நடுவே கரண்டியைத் திணித்துப் பல் உடைந்து மூச்சுக் குழாய்க்குள் போகும். நினைவில்லாதவர் வாயில் ஊற்றிய சோடா நுரையீரலில் இறங்கும். இதையெல்லாம்விடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. செருப்பில் தெளிந்தது என்று நம்பிய குடும்பம் மருத்துவரிடம் போகாது. அடுத்த வலிப்பு அடுப்பின் முன்னாலோ கிணற்று மேட்டிலோ வரும்வரை காத்திருக்கும்.

வாசலில் இருக்கும் வைத்தியம்

இது சாமி குற்றமில்லை, மூளையின் கோளாறு என்று மனிதன் சொல்லி ஏறக்குறைய 2,400 ஆண்டுகள் ஆகின்றன. கிரேக்கத்தில் இதைப் புனித நோய் என்று அழைத்த காலத்திலேயே, ஹிப்போகிரேட்டஸ் பெயரால் வழங்கும் நூல் ஒன்று, மற்ற நோய்களைவிட இதில் எந்தப் புனிதமும் கிடையாது என்று வாதாடியது. பதினோராம் நூற்றாண்டில் இஸ்லாமிய மருத்துவ மேதை இப்னு சீனா தம் மருத்துவ நூலில் இதை மூளை நோய்களின் வரிசையில்தான் வைத்தார். ஜின் பிடித்தது என்று தாயத்துக்கு அலையும் பேரணாம்பட்டுக் குடும்பம், தன் மரபின் மிகப் பெரிய மருத்துவர் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே வேறு பக்கம் கை காட்டியதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபீனோபார்பிடால் வலிப்பை அடக்கும் என்று 1912இல் கண்டார்கள். ஃபெனிடாயின் 1938இல் வந்தது. இரண்டும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

நமக்குக் கூடுதல் வெட்கம் ஒன்று உண்டு. இந்தியாவில் நரம்பியலுக்கு முதல் துறை தொடங்கிய இடம் டெல்லியும் அல்ல, பம்பாயும் அல்ல. மான்ட்ரியலில் மூளை அறுவை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று திரும்பிய மருத்துவர் ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் சிஎம்சியில் அதைத் தொடங்கினார். வலிப்புக்காக இந்தியாவில் செய்த முதல் மூளை அறுவை சிகிச்சையை 1952இல் அதே இடத்தில் அவர்தான் செய்தார். பேரணாம்பட்டில் பஸ் ஏறி குடியாத்தம் வழியாகப் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் வேலூர். சாமியில்லை, பேயில்லை என்று ஊர் ஊராகச் சொல்லி அலைந்த பெரியார் 1973 டிசம்பர் 24 அன்று கடைசி மூச்சு விட்டதும் அதே மருத்துவமனையில்தான். எழுபது ஆண்டுக்கு மேலாக வாசலில் வைத்தியம் இருந்தும் நாம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறோம்.

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் அவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும். மலிவான மருந்துக்கு ஆண்டுக்கு 5 டாலர் செலவுகூடப் போதும் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. திருஷ்டி கழிக்கவும் தாயத்துக் கட்டவும் ஆகும் செலவை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏழைகளுக்கு வைத்தியம் கட்டுப்படியாகாது, அதனால்தான் மந்திரத்துக்குப் போகிறார்கள் என்று இரக்கப்படுகிறோமே, அந்த இரக்கம் கணக்கில் உதைக்கிறது. மந்திரம்தான் காஸ்ட்லி.

மந்திரத்தின் விலை பணத்தோடு நிற்பதும் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த தனியார் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியால் கட்டிவைத்திருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்கள் மனநோயாளிகள் என்று கொண்டுவந்து விடப்பட்டவர்கள். பிடித்திருப்பது பேய் என்று முடிவானபின், கட்டிப்போடுவது கொடுமையாகத் தெரிவதில்லை. பேயைத்தானே கட்டுகிறோம்!

சிரிப்பும் பயமும்

எல்லா வலிப்பும் கீழே தள்ளாது. மூளையின் ஒரு மூலையில் மட்டும் துடிப்பு கிளம்பினால் அந்த மூலையின் வேலைதான் தாறுமாறாகும். கை மட்டும் வெட்டி இழுக்கலாம். விண்ணகத்திலும் மண்ணகத்திலும் இல்லாத ஒரு நாற்றம் மூக்கில் அடிக்கலாம். காரணமே இல்லாமல் நெஞ்சைப் பிசையும் பயம் வந்து ஒரு நிமிடத்தில் போய்விடலாம். மூளையின் அடிப்புறத்தில் ஹைபோதலாமஸில் பிறவியிலேயே சிறு கட்டி இருக்கும் குழந்தைக்குச் சிரிப்பாகவே வலிப்பு வரலாம். அந்தச் சிரிப்பில் மகிழ்ச்சி இருக்காது. அரை நிமிடம் சிரித்துவிட்டுக் குழந்தை சட்டென்று நிறுத்திவிடும். ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி வலிப்பு நோயாளி. வலிப்புக்கு முந்தைய சில வினாடிகளில் பொங்கும் பேரின்பத்தை அவர் 'அசடன்' நாவலின் நாயகனுக்குக் கொடுத்தார். அதே மாதிரியான மின் துடிப்பு நம் ஊர்ப் பெண்ணுக்கு வந்தால் உதட்டைச் சப்பி, புடவைத் தலைப்பைப் பிசைந்து, வெறித்துப் பார்த்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நிற்பாள். நாவலாசிரியனுக்கு வந்தால் இலக்கியம், நம் வீட்டு மருமகளுக்கு வந்தால் மோகினி.

தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்தில், தலையில் வெந்நீர் ஊற்றிக் குளிக்கும்போது மட்டும் வலிப்பு வரும் ஒரு வகையை மருத்துவர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகும் நாளில் மட்டும் வருவதால் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. வெந்நீரின் சூட்டைக் குறைத்துத் தலையில் ஊற்றினால் பலருக்கு அந்த வலிப்பு வராது. கொதிநீரில் வந்து வெதுவெதுப்பில் விலகிப்போகும் பேய்க்கு மந்திரவாதி எதற்கு? ஒரு வாளி பச்சைத் தண்ணீர் போதும்.

இங்கே பகுத்தறிவாளர்களுக்கும் கொஞ்சம் உறைக்கும்படி ஒன்று சொல்ல வேண்டும். மூளையில் மின் கோளாறு எதுவும் இல்லாமல், மன நெருக்கடி உடம்பில் இறங்கி வலிப்பைப் போலவே வருவதும் உண்டு. அதுவும் வேண்டுமென்று செய்வது கிடையாது. வெளியில் சொல்ல முடியாத அடியும் அவமானமும் தாங்கிய உடம்பு தன் போக்கில் இழுத்துக்கொள்கிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ஈ.ஈ.ஜி. எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் "நடிக்கிறா" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். பூசாரி அவளிடம் பேயைக் கண்டான், நீ பொய்யைக் கண்டாய். இரண்டு பேருமே அவளைக் காணவில்லை. பூசாரியாவது "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டான், அது பேயைப் பார்த்துக் கேட்ட கேள்வியாக இருந்தாலும். மூடநம்பிக்கையை ஒழித்த இடத்தில் அலட்சியத்தைக் குடியேற்றினால் அதற்குப் பெயர் பகுத்தறிவு ஆகாது. அவளுக்கும் சிகிச்சை உண்டு. மனநல மருத்துவரும், அடி விழாத ஒரு வீடும் அந்தச் சிகிச்சையில் சேர்த்தி.

தீட்டு பார்க்காத புழு

மேலே சொன்ன 2006 ஆய்வில் இன்னொரு விஷயம் இருக்கிறது. வலிப்பு உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம் நாடாப்புழு. மூளைக்குள் அதன் இளம்புழு கட்டியாக உட்கார்ந்துகொள்வதால் வரும் வலிப்பு. உடனே எல்லாருக்கும் பன்றிக்கறி ஞாபகம் வரும். "நாங்க அதெல்லாம் தொடறதே இல்லீங்க" என்று சைவக் குடும்பமும் முஸ்லிம் குடும்பமும் ஒரே குரலில் சொல்லும். புழுவின் வழி வேறு. சரியாக வேகாத பன்றிக்கறி தின்றவருக்குக் குடலில்தான் நாடாப்புழு வளரும். அவருடைய மலத்தோடு முட்டை வெளியேறும். அந்த முட்டை மண்ணில் கலந்து, தண்ணீரில் கலந்து, கழுவாத கையிலும் கொத்தமல்லித் தழையிலும் வெள்ளரிப் பிஞ்சிலும் ஒட்டி, பன்றியைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒருவர் வாய்க்குள் போனால் அதன் இளம்புழு மூளைக்குப் போகலாம். கறி தின்றவரைப் போலவே, பக்கத்து வயலில் விளைந்த கீரையைப் பச்சையாகத் தின்ற ஆசாரசீலருக்கும் இதில் ஆபத்து உண்டு.

ஆசாரம் புழுவைத் தடுக்காது, கழிப்பறை தடுக்கும். யார் என்ன தின்கிறார்கள் என்று அடுத்தவர் அடுப்படியை எட்டிப் பார்ப்பதற்குப் பதிலாக, ஊரில் எத்தனை பேருக்குக் கதவுள்ள கக்கூஸ் இருக்கிறது என்று எட்டிப் பார்த்திருந்தால் எத்தனையோ மூளைகள் தப்பியிருக்கும். அண்டை வீட்டான் மலம் என் மூளைக்கு வந்து சேர முடியும் என்றால், அவனுக்குக் கழிப்பறை கட்டித்தருவது தர்மம் ஆகாது, என் சுயநலம்.

இந்தக் கதையில் மருத்துவமும் ஒரு காலத்தில் சறுக்கியிருக்கிறது. சி.டி. ஸ்கேன் வந்த புதிதில், வலிப்பு வந்த இந்தியர்களின் மூளையில் தெரிந்த சிறு புள்ளியைக் காசநோய்க் கட்டி என்றே பல மருத்துவர்கள் நினைத்தார்கள். மாதக்கணக்கில் டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். 1980களின் இறுதியில் வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் அந்தக் கட்டியை அறுத்து எடுத்துப் பார்த்தார்கள். பலவற்றில் இருந்தது புழு. வேலூர் சொன்னதைக் கேட்டு வைத்தியம் மாறியது. தாயத்து என்றைக்காவது இப்படித் தன்னை அறுத்துப் பார்த்ததுண்டா? பலித்தால் தாயத்தின் மகிமை, பலிக்காவிட்டால் கட்டியவன் சுத்தமில்லை. தப்பு நடக்கவே வழியில்லாத சாஸ்திரத்தில் உண்மை நடக்கவும் வழியில்லை.

தீட்டு என்றதும் செருப்பைப் பற்றி விட்டுப்போன ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மூக்கில் செருப்பு வைப்பது ஏன்? வாடை காரணம் என்றால் ஆட்டுக்கிடா போதுமே. செருப்பும் துடைப்பமும் கேவலமான பொருள், கேவலமானதைக் கண்டால் பேய் ஓடும் என்ற கணக்கு அது. லாரிக்குப் பின்னாலும் புது வீட்டு முகப்பிலும் பிய்ந்த செருப்பைத் தொங்கவிடுவது எந்தக் கணக்கிலோ, இதுவும் அதே கணக்கில். பொருள் கேவலமானது எப்படி? செத்த மாட்டின் தோலைத் தொட்டவனை ஊருக்கு வெளியே நிறுத்திய சாதி அதைக் கேவலமாக்கியது. தோலை உரித்துச் சீவிப் பதப்படுத்தித் தைத்த கை தீட்டு. அந்தக் கை செய்த செருப்பு, அவனைத் தொட மறுத்தவன் வீட்டுப் பிள்ளைக்கு வலிப்பு வந்தால் மருந்து! வலிப்பு வந்தவன் மூக்கில் செருப்பை வைக்கும்போது இரண்டு பேரை ஒரே சமயத்தில் அவமானப்படுத்துகிறோம். ஒருவர் தரையில் கிடக்கிறார். இன்னொருவர் ஏதோ ஒரு தோல் பதப்படுத்தும் ஷாப்பில் முழங்கை வரை ஈரத்தோடு வேலையில் இருக்கிறார்.

மாத்திரைக்கு ஒளிவிடம்

பஸ் ஸ்டாண்டில் அய்யோ பாவம் என்ற அதே ஜனம், பெண் பார்க்கப் போகும்போது என்ன சொல்கிறது? இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் செய்த திருத்தம், திரும்பத் திரும்ப வலிப்பு வருகிறவர் கல்யாணத்துக்குத் தகுதியில்லாதவர் என்றது. அதைக் காட்டிக் கல்யாணத்தை ரத்துசெய்யவும் முடிந்தது. சிறப்புத் திருமணச் சட்டத்திலும் அந்த வார்த்தை இருந்தது. 1999இல் பாராளுமன்றம் இரண்டிலிருந்தும் வலிப்பை நீக்கியது. சட்டப் புத்தகத்திலிருந்து போன வார்த்தை தரகர் வாயிலிருந்து போகவில்லை. சர்க்கரை மாத்திரையைக் கல்யாணப் பந்தியில் எல்லார் முன்னாலும் போட்டுக்கொள்ளும் ஊரில், வலிப்பு மாத்திரை அரிசி டப்பாவுக்குள்ளும் துணி மடிப்புக்குள்ளும் ஒளிந்துகொள்கிறது.

அதன் விளைவைப் பாருங்கள். மறைத்துக் கட்டிக்கொடுத்த பெண், மாமியார் பார்த்துவிடுவாள் என்று பயந்து மாத்திரையை விட்டுவிடுகிறாள். கல்யாணச் சந்தடியில் நாலு நாள் தூக்கமும் இல்லை. வலிப்பைக் கிளப்பிவிட மருந்தை விட்டதும் தூக்கம் கெட்டதும் போதும். புகுந்த வீட்டில் முதல் வாரமே விழுகிறாள். "ஏமாத்தி கட்டிவெச்சிட்டாங்க" என்று பஞ்சாயத்து கூடுகிறது. மறைக்காமல் இருக்க அந்த வீட்டுக்கு யார் வழி விட்டார்கள் என்று எந்தப் பஞ்சாயத்தும் கேட்பதில்லை. உண்மையைச் சொன்னால் கல்யாணம் நடக்காது என்ற நிலையை உண்டாக்கியவன், பொய் சொன்னதற்காக அவள் அப்பனைத் திட்டுகிறான்.

வலிப்பு உள்ள பெண் பிள்ளை பெறக்கூடாது என்பது அடுத்த புளுகு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிறுவனத்தில் 1998 முதல் வலிப்பு உள்ள கர்ப்பிணிகளுக்காகவே ஒரு பதிவேடு நடக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள். வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் கருவுக்குக் கெடுதல் செய்யக்கூடும். அதனால் கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்து மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். யோசித்துப் பாருங்கள், நோயை மறைத்து வாழும் பெண்ணால் இதைச் செய்ய முடியுமா? அந்தக் குழந்தைக்கு நேரும் கெடுதலில் ஊர் வாய்க்கும் பங்கு உண்டு.

அறிவு எல்லாப் பயத்தையும் தள்ளச் சொல்லாது, பயத்தைத் தரம் பிரிக்கச் சொல்லும். வலிப்பு கட்டுக்குள் வராதவர் வண்டி ஓட்டக்கூடாது. லைசென்ஸுக்கான உடல்நல உறுதிமொழிப் படிவத்திலேயே அந்தக் கேள்வி இருக்கிறது. சுற்றும் ட்ரம்முக்கும் சதை சீவும் மிஷினுக்கும் பக்கத்தில், சுண்ணாம்புத் தொட்டி விளிம்பில் அவரை நிறுத்தக்கூடாது. தனியாகக் கிணற்றில் குளிக்கக்கூடாது. இவை நியாயமான எச்சரிக்கை. தோலைத் தரம் பிரிக்கவும், ஒட்டு வேலை பார்க்கவும், கணக்கு எழுதவும், ஷூ கம்பெனியில் செக்கிங்கில் உட்காரவும் அவரால் முடியும். ஒரு முறை விழுந்ததற்காகக் கணக்கை முடித்து அனுப்புவதில் எந்த எச்சரிக்கையும் இல்லை, கோழைத்தனம்தான் இருக்கிறது.

யாருக்கு வலிப்பு?

நடுத்தெருவில் ஒருவர் விழுந்ததும் கூட்டத்துக்கு வருகிறதே ஒரு பதற்றம், அதைக் கவனித்திருக்கிறீர்களா? திடீரென்று கிளம்புகிறது. கை கால் தன் போக்கில் ஆடுகிறது. என்ன செய்கிறோம் என்ற நினைவு இல்லை. இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. பிறகு எதுவும் ஞாபகம் இருப்பதில்லை. நம் இரக்கம் நமக்கு வரும் வலிப்பு. விழுந்தவருக்கு வருவதற்கு மூளையின் மேல் பழி போடலாம். நமக்கு வருவதற்கு யார் மேல் போடுவது? அவர் தசை அவரைக் கேட்காமல் இறுகியது. வேலை தரும்போதும் சம்பந்தம் பேசும்போதும் நாம் கையை இழுத்துக்கொள்வது நன்றாக யோசித்து, நாள் பார்த்து, நாலு பேரிடம் கலந்து செய்வது. அறியாமல் செய்பவரை ஒதுக்கிவைத்துவிட்டு, அறிந்து செய்பவர்கள் ஊர்ப் பெரிய மனிதர்களாக உலவுகிறோம்.

வலிப்புக்கு மாத்திரை எப்படி வேலை செய்கிறதோ, இரக்கமும் அப்படித்தான் வேலை செய்யும்: வேளை தவறாமல், ஆரவாரம் இல்லாமல், விழாத நாளிலும். விழுந்த நேரத்தில் மட்டும் ஊற்றும் இரக்கம் யாரையும் குணமாக்கியதில்லை.

விழுந்த நேரத்தில் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். சுற்றிலும் இருக்கும் கல்லையும் வண்டியையும் விலக்குங்கள். தலைக்கடியில் மடித்த துண்டை வையுங்கள். சட்டைக் காலரைத் தளர்த்துங்கள். உதறலைப் பிடித்து நிறுத்தாதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். உதறல் அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மணி பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலும், நினைவு திரும்புவதற்குள் மறுபடி வந்தாலும், முதல் முறை வந்த வலிப்பு என்றாலும், கர்ப்பிணி என்றாலும், தலையில் அடிபட்டிருந்தாலும் 108க்குக் கூப்பிடுங்கள். கண் திறக்கும்போது சுற்றி நிற்கும் கூட்டத்தைக் கலைத்துவிட்டு, ஒருவர் மட்டும் பக்கத்தில் இருந்து அவர் இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள். நனைந்த லுங்கி மேலேயோ புடவை மேலேயோ ஒரு துண்டைப் போர்த்துங்கள். செல்போனைப் பையில் போடுங்கள்.

இது சுலபம், இரண்டு நிமிட வேலை. இதைச் செய்துவிட்டு நம்மை நாமே பகுத்தறிவாளர் என்று தட்டிக்கொடுத்துக்கொள்ள வேண்டாம். பரீட்சை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. எழுந்து உட்கார்ந்த அந்தப் பையனுக்கு நாளைக்கு உங்கள் ஷாப்பில் வேலை உண்டா? மாத்திரையை மேஜைமேல் வைத்துக்கொண்டு வேலை பார்க்க விடுவீர்களா? அவன் அக்காவை உங்கள் வீட்டுக்குக் கேட்டால், "ஃபிட்ஸ் இருக்குதாம், மாத்திரை சாப்பிட்டு மூணு வருஷமா வரலையாம், நல்ல பொண்ணு, பேசி முடிச்சிடலாம்" என்று உங்கள் வாயிலிருந்து வருமா? கடவுளை மறுப்பதற்குத் தைரியம் வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. பேரணாம்பட்டில் இன்று அதைவிடப் பெரிய தைரியம் இந்தக் கேள்விக்கு ஆம் என்பது. அதைச் சொல்லாதவரை, பேயை நம்புகிறவரும் நம்பாதவரும் அந்தப் பெண்ணுக்கு ஒன்றுதான்.